கண்ணாடி மொசைக் ஏன் வழுக்கியது?

கேள்வி: சிங்கப்பூர் பொங்கோலில் பிடிஓ வீடு (வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், முன்பதிவு பெற்றுக் கட்டித் தரும் வீடு). சாவி வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. சமையல் மேடைக்கும் மேல் கேபினெட்டுக்கும் நடுவே உள்ள சுவரில் வீவக பதித்துக் கொடுத்த வெள்ளை டைல் இருக்கிறது. அதை உடைக்காமல் அதன்மேலேயே பச்சைக் கண்ணாடி மொசைக் ஒட்ட நினைத்தோம். நீளம் 3 மீட்டர், உயரம் 60 செ.மீ. 23 மி.மீ. சில்லுகளை 2 மி.மீ. இடுக்கு விட்டுப் பின்னால் வலை ஒட்டிய தாள்களாக வாங்கினோம். வாளியில் கலந்து வரும் தயார்ப் பசையைப் பல் கரணையால் (விளிம்பில் பல் வெட்டிய கரணை) இழுத்து, சிங்க் பக்கம் நான்கு தாள் ஒட்டிப் பார்த்தோம். காலையில் இரண்டு தாள் ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருந்தன. மூன்று நாளாகியும் அழுத்தினால் சில்லு அமுங்குகிறது. கண்ணாடிக்குள் பசை வரிவரியாகத் தெரிகிறது. காயும் வரை காத்திருக்கலாமா? இதே மொசைக்கைக் குளியலறைத் தரையிலும் போடலாமா?
— ஒரு வாசகி

பதில்:

காத்திருக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். அந்தப் பசை இன்னும் மூன்று வாரம் விட்டாலும் நடுவில் காயாது.

வாளியில் வரும் தயார்ப் பசையில் சிமெண்ட் கிடையாது. அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறினால்தான் அது இறுகும். சாதாரண சிமெண்டுப் பூச்சுச் சுவரில் பீங்கான் டைல் ஒட்டும்போது சுவர் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், டைலின் முதுகும் கொஞ்சம் உறிஞ்சும். உங்கள் சுவரில் பசைக்குப் பின்னால் இருப்பது வழவழப்பான பழைய டைல், முன்னால் இருப்பது கண்ணாடி. இரண்டும் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட உள்ளே விடாது. சில்லுகளுக்கு நடுவேயுள்ள 2 மி.மீ. இடுக்கு ஒன்றுதான் வழி. இடுக்கை ஒட்டிய பசை தோல் போலக் காய்ந்து அந்த வழியையும் அடைத்துவிடும், சில்லின் நடுவில் உள்ளது களியாகவே கிடக்கும். தாள் இறங்கியதற்கு இது பாதிக் காரணம். பழைய டைலின் மேல் சொரசொரப்பு இல்லாததும், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமும் மீதிக் காரணம். ஒன்றரை ஆண்டு தாளித்த சமையலறைச் சுவர் பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, அடுப்புப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியில் டீகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவம்) தெளித்துத் துடைத்துப் பாருங்கள். துணி மஞ்சளாகும்.

வரிவரியாகத் தெரிவது வேறு பிழை. பல் கரணை இழுத்த கோடுகளின் மேலேயே தாளை வைத்திருக்கிறீர்கள். பெரிய டைலுக்கு அதுதான் முறை, அழுத்தும்போது கோடுகள் நசுங்கிப் பரவிவிடும். 23 மி.மீ. சில்லுக்கு அந்த அழுத்தம் கிடைக்காது. கோடு அப்படியே நிற்கும், நடுவில் காற்று நிற்கும், கண்ணாடி இரண்டையும் காட்டிக்கொடுக்கும்.

முதலில் அந்த நான்கு தாளையும் அகலமான ஸ்கிரேப்பரை அடியில் விட்டு நெம்பி எடுங்கள். பசை களியாக இருப்பதால் எளிதாக வரும். சில்லுகளை வெந்நீரில் ஊறப்போட்டால் பசை கழன்றுவிடும். வலை பெரும்பாலும் தேறாது, ஆனால் சில்லுகளை எறியாதீர்கள். சாக்கெட் ஓரங்களில் ஒற்றை ஒற்றையாக ஒட்ட அவை உதவும். சுவரில் மிச்சமிருக்கும் பசையை ஒரு பொட்டுகூட விடாமல் சுரண்டுங்கள், அதன்மேல் எந்தப் புதிய பசையும் நிற்காது.

இனிச் சுவர். மொசைக் வேலையில் நான் பாதி நேரத்தைச் சுவருக்கே ஒதுக்கச் சொல்வேன். பெரிய டைல் சுவரின் சின்ன மேடு பள்ளங்களைத் தாண்டிப் போய்விடும். மொசைக் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும். பழைய டைலின் இணைப்புக் கோடு 1 மி.மீ. உள்வாங்கியிருந்தால் போதும், புதிய மொசைக்கில் அதே இடத்தில் ஒரு வரி விழும். மேல் கேபினெட்டின் அடியில் எல்இடி விளக்கு வைக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் மோசம், சுவரை ஒட்டி மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அரை மி.மீ. தூக்கலுக்கும் நிழல் விழும். இருட்டில் கைப்பேசி விளக்கைச் சுவரோடு ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பிறகு நேரான அலுமினியக் கட்டையைச் சுவரில் வைத்து இடைவெளியைப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்குள் இருந்தால் ஒட்டலாம்.

வேலை வரிசை இது. பழைய டைல் ஒவ்வொன்றையும் ஒரு நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று பொள்ளல் சத்தம் வரும் டைலை நம்பி அதன்மேல் எதையும் ஒட்டக்கூடாது, அதை முதலில் எடுத்து மீண்டும் பதிக்க வேண்டும். மற்றவற்றை டீகிரீசரால் இரண்டு முறை கழுவி, வெறும் தண்ணீரால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு 60 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேயுங்கள். அதன்மேல் மணல் துகள் கலந்த பிரைமர் ஒரு பூச்சு. ஹார்டுவேர் கடையில் வெறும் பிரைமர் என்று கேட்டால் பெயிண்ட் பிரைமரைக் கொடுத்துவிடுவார்கள். டைல்மேல் டைல் ஒட்டும் பிரைமர் என்று சொல்லி வாங்குங்கள். காய்ந்ததும் கையால் தடவினால் உப்புத்தாள் போல இருக்க வேண்டும். மறுநாள், அடுத்துச் சொல்லும் சிமெண்டு டைல் பசையையே கரணையின் நேரான பக்கத்தால் 1 மி.மீ. தடிமனில் சுவர் முழுதும் வழித்துப் பூசுங்கள். பழைய இணைப்புக் கோடுகள் நிரம்பிவிடும். ஓர் இரவு விடுங்கள்.

பசை சிமெண்டு கலந்த பொடியாக இருக்கட்டும். சிமெண்டு தண்ணீரோடு வேதிவினை செய்து இறுகுவது, காற்றில் ஆவியாக வேண்டியதில்லை. அதனால்தான் இரண்டு வழவழப்பான பரப்புகளுக்கு நடுவிலும் அது பிடிக்கும். பையின்மேல் சி2டிஇ என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். சி2 என்பது கூடுதல் பிடிப்பு, டி என்பது சுவரில் வழுக்காத தன்மை, இ என்பது விரித்தபின் கூடுதல் நேரம் ஒட்டும் நிலையில் இருப்பது. கண்ணாடி மொசைக்குக்கு ஏற்றது என்றும் பையில் எழுதியிருக்க வேண்டும். நிறம் வெள்ளை மட்டுமே. சாம்பல் பசை போட்டால் உங்கள் பச்சை பாசி நிறமாகிவிடும்.

அளவுக் கணக்கு: 3 × 0.6 = 1.8 ச.மீ. ஒரு தாளில் வரிசைக்கு 12 சில்லு, சில்லு 23 மி.மீ., இடுக்கு 2 மி.மீ. என்றால் தாள் 298 மி.மீ. பக்கத்துத் தாளுக்கும் அதே 2 மி.மீ. விட்டால் ஒரு தாளுக்கு 300 ஆகிறது. நீளவாக்கில் 10, உயரத்தில் 2, ஆக 20 தாள். 10 விழுக்காடு சேதாரத்துக்கு 2 சேர்த்து 22. சாக்கெட் இடங்களைக் கழிக்காதீர்கள், அங்கேதான் சேதாரம் அதிகம். பசை 1 ச.மீ.க்கு 1 மி.மீ. தடிமனுக்குச் சுமார் 1.3 கிலோ பிடிக்கும். சமன்படுத்தும் பூச்சும் 2.5 மி.மீ. ஒட்டும் படுக்கையும் சேர்ந்து 8 கிலோ ஆகும், 10 கிலோவாக வாங்குங்கள்.

கடையில் பெட்டியின் மேல் உள்ள நிறத் தொகுதி எண் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதானா என்று பார்த்திருப்பீர்கள் என நினைக்கிறேன். ஒன்றாகவே இருந்தாலும் எல்லாப் பெட்டிகளையும் பிரித்துத் தாள்களைக் கலந்து ஒட்டுங்கள். கண்ணாடியின் பச்சை பெட்டிக்குப் பெட்டி மாறும்.

ஒட்டுவதற்கு முன் தாள்களைத் தரையில் சுவரின் அளவுக்கு விரித்துப் பாருங்கள். 298 + 2 + 298 = 598, அடியில் 2 மி.மீ. இடைவெளி, மொத்தம் 600. காகிதத்தில் அழகாகப் பொருந்துகிறது. உங்கள் சுவரில் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் உயரத்தை அளந்து பாருங்கள். 595 என்று வந்தால் மேல் வரிசையின் 120 சில்லுகளையும் 18 மி.மீ.க்கு நறுக்க வேண்டும். நறுக்கிய பக்கத்தை மேலே வையுங்கள், கேபினெட் அடியில் மறைந்துவிடும். மேடை ரசமட்டத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 3 மீட்டரில் 2 மி.மீ. சரிவு என்றால் அடி இடைவெளியில் சிலிகான் அதை விழுங்கிவிடும். அதற்கு மேல் போனால் மட்டத்துக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு சமரசக் கோடு போடுங்கள். முழு மட்டத்தில் ஒட்டினால் ஒரு முனையில் சிலிகான் தடித்துத் தெரியும்.

திறந்திருக்கும் முனையில் அலுமினிய ஓரப்பட்டி வேண்டும். சில்லு 4 மி.மீ., பசை 2 மி.மீ. என்றால் 6 மி.மீ. பட்டி. அதை மொசைக்குக்கு முன்னால் பசையில் பதிக்க வேண்டும்.

பசையைப் பையில் எழுதிய அளவுத் தண்ணீரில் கலக்குங்கள். கண் மதிப்பில் தண்ணீரைக் கூட்டினால் தாள் மறுபடி வழுக்கும். பொடியைத் தண்ணீரில் போடுங்கள், பொடியில் தண்ணீரை ஊற்றினால் அடியில் கட்டி தங்கும். கலந்து 5 நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை கலக்குங்கள், இடையில் தண்ணீர் சேர்க்கக்கூடாது. ஒரு தடவைக்கு இரண்டு தாளுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் பூசுங்கள். 5 மி.மீ. வி வடிவப் பல் கரணையால் ஒரே திசையில் இழுத்து அளவைச் சீராக்கி, உடனே கரணையின் நேரான பக்கத்தைச் சாய்த்து அந்தக் கோடுகளைப் படியவிடுங்கள். பல் அளவைத் தருகிறது, நேர்ப்பக்கம் சமதளத்தைத் தருகிறது. தாளின் முதுகிலும் அதே பசையைக் காகிதம் போல மெல்லிசாக வழியுங்கள். காற்றுக் குமிழி தங்காது.

நம் ஊர் வெக்கையில், அதுவும் மின்விசிறி ஓடினால், பசை பையில் சொன்ன நேரத்துக்கு முன்பே மேல்தோல் கட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் தாளை வைக்கலாம். ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறியுங்கள், தண்ணீர் தெளித்து உயிர்ப்பிக்கப் பார்க்காதீர்கள்.

தாளை வைத்ததும் கிரௌட் (இடுக்கை நிரப்பும் கலவை) பூசும் ரப்பர் பலகையால் மெதுவாகத் தட்டிப் படியவையுங்கள். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே 2 மி.மீ. ஸ்பேசர் இருக்கட்டும். இரண்டாவது தாளை வைத்தவுடன் மூன்று எட்டு பின்னால் போய்ப் பாருங்கள். தாளுக்குத் தாள் உள்ள இடுக்கு, தாளுக்குள் இருக்கும் இடுக்கைவிட ஒரு மயிரிழை அகலமாக இருந்தாலும் தூரத்திலிருந்து சுவர் முழுக்கச் சதுரம் சதுரமாகத் தெரியும். மொசைக்கில் புதியவர் கை என்று காட்டிக்கொடுப்பது இதுதான். பசை ஈரமாக இருக்கும் 10 நிமிடத்துக்குள் தாளை விரல்களால் நகர்த்தலாம். ஒரு மூலை மட்டும் இழுத்துக்கொண்டால் கட்டர் கத்தியால் அங்கே வலையை அறுத்து அந்தச் சில்லுகளை மட்டும் நகர்த்துங்கள். இடுக்கில் பிதுங்கும் பசையை அன்றே பல்குத்தியாலோ பழைய பல் துலக்கியாலோ எடுங்கள். இடுக்கின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிரௌட்டுக்குக் காலியாக வேண்டும். நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டால் நாளைக்கு உளி வேண்டும், உளி பட்டால் கண்ணாடி தெறிக்கும்.

வெட்டுவதற்கு இரண்டு சின்னச் சக்கரம் பொருத்திய கண்ணாடிக் குறடு போதும். சாதாரண இடுக்கிக் குறடு கண்ணாடியை நொறுக்கும். குறட்டுச் சக்கரங்களைச் சில்லின் நடுக் குறியில் வைத்து அழுத்தினால் தெறித்துப் பிளக்கும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம். வெட்டிய விளிம்பை வைர உப்புத்தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் கையைக் கிழிக்காது. இந்தக் குறடு சத்தமே போடாது என்பதால் மாலையிலும் வேலை செய்யலாம். டைல் வெட்டும் எந்திரம் எடுத்தால் கதை வேறு. சத்தமான வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும்தான். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது.

சாக்கெட் பற்றி. மொசைக் வந்ததும் சுவர் 7, 8 மி.மீ. தடிக்கும், சாக்கெட்டின் முகத்தகடு உள்வாங்கி நிற்கும். நீள ஸ்குரூவும் சில சமயம் பெட்டிக்கு நீட்டிப்புச் சட்டமும் வேண்டும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். மொசைக்கைத் தகட்டின் விளிம்புக்கு அடியில் போகும்படி ஒட்டுவதோடு உங்கள் வேலை முடிகிறது. சாக்கெட்டைச் சுற்றி ஒட்டும் நாளில் விநியோகப் பெட்டியில் அந்தச் சுற்றை அணைத்துவிடுங்கள்.

ஒட்டி முடித்தபின் 48 மணி நேரம் விடுங்கள். மற்ற டைலுக்கு 24 மணி போதும், கண்ணாடிக்குப் போதாது.

கிரௌட்டுக்கு வருவோம். மொசைக்கில் கிரௌட்தான் சுவரின் கணிசமான பங்கு. கணக்குப் போட்டால் 23 மி.மீ. சில்லு, 4 மி.மீ. தடிமன், 2 மி.மீ. இடுக்குக்கு 1 ச.மீ.க்குச் சுமார் 1.1 கிலோ ஆகிறது. 30 × 60 செ.மீ. டைலுக்கு அதே அகல இடுக்கு வைத்தாலும் 150 கிராம்கூட ஆகாது. அதனால் கிரௌட் நிறம் மாறினால் சுவரின் நிறமே மாறும். நம் வீட்டில் அந்த நிறத்தை மாற்றக் காத்திருப்பது மஞ்சள்தூள். சிமெண்டு கிரௌட் நுண்துளை உள்ளது, குழம்பு தெறித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சள் கறை வெயிலில் வெளிறும் என்பது துணி காயப்போடும் எல்லோருக்கும் தெரியும், அடுப்புக்குப் பின்னால் வெயில் எங்கே வருகிறது?

அதனால் சிமெண்டு இல்லாத, பிசினால் ஆன எபாக்சி கிரௌட்டைத்தான் சொல்வேன். விலை கூடுதல், கைக்குக் கடினம், ஆனால் 1.8 ச.மீ.க்குத்தானே. 2 கிலோ கணக்கு, 2.5 கிலோ வாங்கினால் போதும். வெள்ளை வேண்டாம், வெளிர் சாம்பலோ வெளிர் பச்சையோ எடுங்கள். நுண்மையான வகையாகக் கேளுங்கள், பருமணல் கலந்தது கண்ணாடியைக் கீறும். வாங்கியதும் உதிரிச் சில்லு ஒன்றில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

எபாக்சியில் இரண்டு பகுதி இருக்கும். டப்பாவில் சொன்ன விகிதத்தைப் பழைய தராசில் நிறுத்துக் கலக்கவும், கண் மதிப்பு இங்கேயும் ஆகாது. சூட்டில் சீக்கிரம் இறுகும், ஆகையால் மூன்றில் ஒரு பங்காகக் கலக்குங்கள். கலந்ததை வாளியிலேயே வைத்திருந்தால் தானே சூடேறி இன்னும் வேகமாக இறுகும், ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். ரப்பர் பலகையால் மூலைவிட்டமாக இடுக்கில் அழுத்தி, பலகையை நிமிர்த்தி மிச்சத்தை வழித்தெடுங்கள். ஒவ்வொரு 0.6 ச.மீ. முடிந்ததும் ஈரத் தேய்ப்பானால் வட்டமாகத் தேய்த்து, பிழிந்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். சுவரில் மெல்லிய படலம் மிஞ்சினால் அன்றே போய்விட வேண்டும். மறுநாள் அது கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள், எபாக்சி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்தால் பிறகு போகாது.

மேடையை ஒட்டிய அடிக்கோடு, இரண்டு சுவர் சேரும் மூலை, இரண்டிலும் கிரௌட் வேண்டாம். மேடையும் சுவரும் தனித்தனியாக அசையும், கிரௌட் அங்கே ஓராண்டுக்குள் வெடிக்கும். பூஞ்சைத் தடுப்பு உள்ள சிலிகான் போடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு வடையோ அப்பளமோ பொரிக்காமல் இருந்தால் நல்லது.

கரணை, வாளி கழுவிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றாதீர்கள், வளைகுழாயில் சிமெண்டு படிந்து கல்லாகும். வாளியில் ஓர் இரவு தெளியவிட்டு, மேல் தண்ணீரைக் கழிவறையில் ஊற்றி, அடிக் கசட்டைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோங்கள், குப்பைத் துவாரத்தில் போட வேண்டாம்.

கடைசியாகக் குளியலறைத் தரை. இப்போது வேண்டாம். புளோக் கட்டி முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குக் குளியலறைத் தரை, சுவர் டைலை அகற்ற வீவக அனுமதிப்பதில்லை. அடியில் உள்ள நீர்த்தடுப்புப் படலம் கிழியக்கூடாது என்பதே காரணம். உடைக்காமல் மேலேயே ஒட்டலாமே என்பீர்கள். தரையில் வேறு சிக்கல்கள் வரும். தண்ணீர் வடிகாலுக்கு ஓடும் சரிவு மாறும், வடிகால் மூடி உள்வாங்கும், வாசற்படித் திண்டின் உயரம் குறையும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் கண்டால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும். தரை வேலையை வீவக பட்டியலில் உள்ள ஒப்பந்ததாரரிடமே கொடுங்கள். மூன்றாண்டு கழித்துப் புதிதாகப் போடும்போது, நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்து தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் சோதித்தபின் டைல் பதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தரைக்குக் கண்ணாடி வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். மெருகு பூசாத போர்சலின் மொசைக் எடுங்கள், சின்னச் சில்லும் நிறைய இடுக்குமாகக் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். வாங்கும் முன் ஒரு தாளை வாளித் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். காலையில் சில்லுகள் வலையிலிருந்து கழன்றால் அந்த வலைப் பசை குளியலறைக்கு ஆகாது.

சொல்ல மறந்தது ஒன்று. ஒப்பந்ததாரரிடம் வெறுமே மொசைக் என்றால் போதாது. தமிழ்நாட்டிலிருந்து வந்த மேஸ்திரி என்றால், அவருக்கு மொசைக் தரை என்பது சிமெண்டில் சலவைக்கல் சில்லு கலந்து போட்டு மெருகு தேய்க்கும் தரை. பழைய வீவக வீடுகளில் இருக்கும் டெராசோ போல. சின்னச் சதுரச் சில்லு ஒட்டிய தாள் ஒன்றைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள்.